நுனி, மொட்டு, விதை: செடியைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

இளம் புளியமரம் ஒன்றில் இடுப்பு உயரத்தில் ஓர் ஆணி அடித்து வைக்கிறோம். மரம் இன்னும் பத்தடி உயர்ந்த பிறகு அந்த ஆணி எங்கே இருக்கும்? தலைக்கு மேலே போயிருக்கும் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் அது அதே இடுப்பு உயரத்தில்தான் இருக்கும். தண்டு பருத்து, ஆணியின் தலை பாதி மறைந்திருக்கலாம், அவ்வளவுதான்.

மரம் உயர்வது அதன் நுனிகளில் மட்டும். கிளைகளின் நுனி மேலே போகிறது, வேர்களின் நுனி கீழே போகிறது. நடுவில் ஏற்கெனவே உண்டான தண்டு இனி நீளாது. அந்த நுனிகளில், கண்ணுக்குத் தெரியாத அளவில், ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் செல்களின் கூட்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஆக்குத்திசு. தாவரவியலில் ஒரே ஒரு சொல்லைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால், இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். பள்ளிப் புத்தகத்தில் வளர்ச்சி ஒரு பாடம், இனப்பெருக்கம் இன்னொரு பாடம் என்று தனித்தனியாக இருக்கும். இந்த ஆக்குத்திசுவைப் பிடித்துக்கொண்டால் இரண்டும் ஒரே கதை என்று தெரியும்.

தண்டின் நுனியில் இருக்கும் ஆக்குத்திசுவைச் சின்னஞ்சிறு இலைகள் மூடிப் பொதிந்திருக்கும். அந்தப் பொதிதான் மொட்டு. பூ மொட்டை மட்டும் இங்கே நினைக்க வேண்டாம். இலையாகவும் கிளையாகவும் வளரப்போவதும் மொட்டுதான். ஒரு செம்பருத்திக் குச்சியை ஒடித்துப் பாருங்கள். நுனியில் ஒன்று இருக்கும், அது நுனிமொட்டு. அப்புறம் ஒவ்வோர் இலைக்காம்பும் தண்டோடு சேரும் மூலையில் மிளகைவிடச் சிறிய ஒரு புடைப்பு இருக்கும். அது கோணமொட்டு. ஒவ்வொன்றும் ஒரு கிளையாகக்கூடியது. ஆனால் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமல் அப்படியே இருக்கின்றன.

ஏன்? நுனிமொட்டு அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியாகக் கீழே இறங்கி வந்துகொண்டிருக்கும்வரை, பக்கத்து மொட்டுகள் விழிப்பதில்லை. நுனியிலிருந்து ஏதோ ஒரு சேதி கீழே போகிறது என்பதை 1880இலேயே சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் காட்டிவிட்டார்கள். புல் நாற்றின் முளைக்கு மேல் சிறு தொப்பி மாட்டி வெளிச்சத்தை மறைத்தால், அது வெளிச்சத்தின் பக்கம் வளைவதில்லை. வளைகிற இடம் கீழே இருக்கிறது, வெளிச்சத்தை உணர்கிற இடம் நுனியில் இருக்கிறது. அந்தச் சேதி ஒரு வேதிப்பொருள்தான் என்பதை 1920களில் நெதர்லாந்தில் ஃபிரிட்ஸ் வெண்ட் ஓட்ஸ் நாற்றுகளை வைத்து உறுதிசெய்தார்.

டார்வினைக் கேள்விப்படாத விவசாயிக்கும் இது தெரியும். செடிமுருங்கை போட்டவர்கள், செடி ஏறக்குறைய 75 செ.மீ. வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுவார்கள். ஆக்சின் வருவது நின்றுபோய், தூங்கிக்கொண்டிருந்த கோணமொட்டுகள் கிளைகளாகக் கிளம்பும். கிளை கூடினால் பூ கூடும், காய் கூடும். அறுவடை முடிந்ததும் 90 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டு, அதே அடியிலிருந்து மறுபடி துளிர்க்க மறுதாம்பு விடுவதும் இதே கணக்கில்தான். மல்லிகைக்குக் கார்த்திகையில் செய்யும் கவாத்தும் அப்படியே. வெட்டினால் செடிக்கு வலிக்குமோ என்று மாடித்தோட்டத்தில் துளசியையும் மிளகாயையும் ஒரே குச்சியாக வளர்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

சரி, தண்டு பருப்பது எப்படி? பட்டைக்கு உள்ளே, கட்டைக்கு வெளியே, மெல்லிய உறைபோல இன்னோர் ஆக்குத்திசு சுற்றியிருக்கிறது. அது கேம்பியம். உள்பக்கமாக அது உண்டாக்குவது சைலம், அதாவது வேரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோகும் குழாய்கள். நாம் மரம், கட்டை என்று சொல்வது பெரும்பாலும் பழைய சைலம்தான். வெளிப்பக்கமாக உண்டாக்குவது புளோயம், இலையில் தயாரான உணவை வேருக்குக் கொண்டுபோகும் வழி. மரத்தின் பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்தால் இந்த இரண்டாவது வழி அறுந்துபோகும். இலைகள் கொஞ்ச காலம் பச்சையாகவே நிற்கும், ஏனென்றால் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. வேர் பட்டினியால் சாகும்போதுதான் மரமும் விழும். மரத்தைக் கொல்ல நினைப்பவர்கள் கோடரியைவிட இந்த வழியைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

தென்னைக்கும் பனைக்கும் இந்தக் கேம்பியம் கிடையாது. வேம்பைப்போல ஆண்டுக்காண்டு வளையம் வைத்துப் பருப்பதும் கிடையாது. அதைவிட முக்கியமாக, தென்னையின் உச்சியில் ஒரே ஒரு நுனிமொட்டுதான் இலை விட்டுக்கொண்டே போகிறது. நாம் குருத்து என்கிறோம். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்தாலோ குருத்தழுகல் வந்தாலோ தென்னை வைத்திருப்பவர்கள் ஏன் அப்படிப் பதறுகிறார்கள் என்பது இப்போது புரியும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவை உலுக்கியது. அந்த மாதிரிப் புயலில் கிளை முறிந்த வேம்பும் பூவரசும் சில வாரங்களில் துளிர்த்துவிடும். அவற்றுக்கு உறங்கும் மொட்டுகள் நிறைய. தலை முறிந்த தென்னைக்கு அப்படி ஒரு மாற்று மொட்டு இல்லை. பத்து வருஷம் வளர்த்த மரமானாலும் முடிந்தது முடிந்ததுதான்.

புல் இதற்கு நேர் எதிர். அதன் வளரும் பகுதி இலையின் அடியிலும் கணுவுக்கு மேலும் ஒளிந்திருக்கிறது. இடையாக்குத்திசு என்பார்கள். மாடு மேய்ந்துவிட்டுப் போனாலும் அடியிலிருந்து இலை மறுபடி நீண்டு வந்துவிடும்.

ஓட முடியாத உயிர் இருந்த இடத்திலேயே பிழைத்தாக வேண்டும். செடிக்கு வரும் ஆபத்துகளில் நம் ஊர்ப்பக்கம் முதலாவது தண்ணீர்ப் பஞ்சம். இலையின் அடிப்பக்கத்தில் நுண்ணிய வாய்கள் ஏராளம். இலைத்துளைகள் என்று பெயர். அவை திறந்தால்தான் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும், ஒளிச்சேர்க்கை நடக்கும், உணவு தயாராகும். திறந்த அதே வாய் வழியாகத் தண்ணீர் ஆவியாகி வெளியே போகும். இது நீராவிப்போக்கு. சாப்பிட வாயைத் திறந்தால் தாகம் எடுக்கும் என்ற இக்கட்டில்தான் எல்லாப் பச்சைச் செடிகளும் வாழ்கின்றன. சப்பாத்திக்கள்ளி இதற்கு ஒரு வழி கண்டது: வெயில் தணிந்து இரவில் வாயைத் திறந்து காற்றை வாங்கி, அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, பகலில் வாயை மூடியபடி சமைக்கிறது. வேம்பு இன்னொரு வழியில் போகிறது. மாசி வாக்கில் காம்பின் அடியில் ஒரு பிரியும் அடுக்கை உண்டாக்கி இலைகளை உதிர்த்துவிட்டு, கோடை வருமுன் செம்புநிறத் துளிரோடும் பூவோடும் நிற்கிறது. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ கிடைப்பது அந்தக் கால அட்டவணையால்தான்.

மூன்றாவது வழி, மொட்டை மண்ணுக்குள் ஒளித்து வைப்பது. செங்காந்தள் கோடையில் தரைக்கு மேல் ஒன்றுமே இல்லாமல் போய்விடும். கிழங்கு உள்ளே உயிரோடு இருக்கும்; மழை பெய்ததும் கொடி கிளம்பும். இந்த ஓய்வுநிலைக்கு உறக்கம் என்று பெயர். செங்காந்தள் உறங்கினால் அழகு. கோரை உறங்கினால்தான் தலைவலி.

கோரையை இழுத்துப் பிடுங்கினால் மேலே இருக்கும் புல் மட்டும் கையோடு வரும். மண்ணைத் தோண்டிப் பார்த்தால், கறுத்த சிறு கிழங்குகள் மெல்லிய கம்பி போன்ற தண்டால் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். ஒவ்வொரு கிழங்கிலும் பல மொட்டுகள். இங்கேயும் அதே நுனி ஆதிக்கம் வேலை செய்கிறது: அந்தச் சரத்தின் முனையில் இருக்கும் கிழங்கு முளைத்திருக்க, பின்னால் வருபவை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். கொத்தியால் கொத்தும்போது அந்தக் கம்பி அறுகிறது, அடங்கிக் கிடந்தவை ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கின்றன. கோபத்தில் ஒருமுறை கொத்திவிட்டு விட்டுவிட்டால் கோரை பெருகும். திரும்பத் திரும்பக் கொத்தினால்தான் கிழங்கின் சேமிப்பு தீர்ந்து அது ஓயும்.

இந்தக் கோரை செய்வது பிழைப்பதா, இனப்பெருக்கமா? இரண்டும்தான். பூவும் விதையும் இல்லாமல், தண்டு, வேர், கிழங்கு என்று உடலின் ஒரு துண்டிலிருந்தே புதுச் செடி உண்டாவதை உடல இனப்பெருக்கம் என்கிறோம். இதற்கு வேண்டியது ஒரு மொட்டும் கொஞ்சம் சேமிப்பும். பொங்கலுக்கு வாங்கிய கரும்பைக் கடிக்கும் முன் ஒரு கணுவைப் பாருங்கள். ஒரு பக்கம் கூம்பலாக ஒட்டிக்கொண்டிருப்பது மொட்டு. விவசாயி பரு என்பார். அதைச் சுற்றி வரிசையாக வெளிறிய புள்ளிகள் இருக்கும். மண்ணில் வைத்தால் அவை வேர்களாகும். அதனால்தான் கரும்பை விதைப்பதில்லை, கரணை வெட்டி நடுகிறோம். முழுக்கரும்பாக நட்டால் மேல்பருக்கள் கீழ்ப்பருக்களை அடக்கிவிடும். துண்டாக வெட்டினால் எல்லாப் பருக்களுக்கும் வாய்ப்பு. உருளைக்கிழங்கின் கண் என்பதும் மொட்டுதான், ஆகவே உருளைக்கிழங்கு தாவரவியல் கணக்கில் தண்டு. சர்க்கரைவள்ளி வேர்.

நம் மல்லிகை விதை வைப்பதே அபூர்வம். ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து ஊர் ஊராகப் போகும் மல்லிகைக் கன்றுகள் எல்லாம் குச்சியிலிருந்து வேர்விட வைத்தவை. வாழையும் அப்படித்தான். வாழையில் நாம் தண்டு என்று பார்ப்பது ஒன்றன்மேல் ஒன்று சுற்றிய இலையடிகள். உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது, அதன் பக்கமொட்டுகள்தான் கன்றுகளாக வருகின்றன.

வாழையடி வாழை என்று வாழ்த்துகிறோம். தாயும் கன்றும் மரபணுவில் ஒன்றே என்பதால், தாயின் நல்ல குணம் எல்லாம் கன்றுக்கும் மாறாமல் வரும். நோயைத் தாங்காத குணமும் சேர்ந்தே வரும் என்பதுதான் சிக்கல். ஒரு காலத்தில் உலகச் சந்தையை நிரப்பியிருந்த குரோ மிஷேல் வாழை பனாமா வாடல் நோயில் ஒரே மாதிரி மாட்டிக்கொண்டது. 1960களுக்குள் ஏற்றுமதித் தோட்டங்கள் கேவண்டிஷ் ரகத்துக்கு மாற வேண்டியதாயிற்று. எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் விழும்போதும் ஒன்றாகத்தான் விழும். இதிலிருந்து தப்பத்தான் செடிகள் பூக்கின்றன.

பூப்பது என்றால் என்ன நடக்கிறது? இலை விட்டுக்கொண்டிருந்த அதே மொட்டு, இனி இலை வேண்டாம், பூ என்று மாறுகிறது. வாழையில் இதை நன்றாகப் பார்க்கலாம். மண்ணுக்குள் இருந்த நுனிமொட்டு பூங்கொத்தாக மாறி, சுற்றிய இலையடிகளின் நடுவழியே ஏறி, உச்சியில் எட்டிப் பார்த்துத் தாறு விடுகிறது. நாம் பொரியல் செய்யும் வாழைத்தண்டு அந்தப் பூங்கொத்தின் காம்பு. நுனி பூவாகிவிட்டது, இனி இலை விட யாரும் இல்லை. அதனால்தான் ஒரு வாழை ஒரே ஒரு தாறுதான் போடும்.

எப்போது மாறுவது என்பதைப் பல செடிகள் பகல், இரவின் நீளத்தைப் பார்த்துத் தீர்மானிக்கின்றன. 1920இல் அமெரிக்காவின் கார்னரும் அல்லார்டும், கோடையில் எவ்வளவு வளர்ந்தாலும் பூக்காத ஒரு புகையிலை ரகத்தை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். பகலைக் குறைத்ததும் அது பூத்தது. செவ்வந்தி இந்த வகை. நம் பழைய சம்பா ரகங்கள் பலவும் இப்படித்தான். பகல் குறையும் பருவம் வந்தால்தான் கதிர் தள்ளும். பட்டம் தவறி விதைத்தால் பயிர் பச்சைப்பசேலென்று வளர்ந்துகொண்டே இருக்கும்.

வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்து மடியும் செடிகள் உண்டு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவு முழுக்கச் சேர்ந்து பூக்கும். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. பூத்த செடி விதை விட்டுச் செத்துப்போகும். மிசோரமில் ஒரு வகை மூங்கில் ஏறக்குறைய 48 ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்கிறது. 1959இல் அது பூத்தபோது, கொட்டிய விதையைத் தின்று எலிகள் பெருகி, விதை தீர்ந்ததும் வயலுக்கு வந்து, பஞ்சமே வந்தது. எல்லாம் சேர்ந்து பூப்பதில் மூங்கிலுக்கு என்ன லாபம்? எலிகள் எவ்வளவு தின்றாலும் தின்று தீராத விதை மிஞ்சும் என்பது ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் விளக்கம்.

பூவின் பகுதிகளை வரைபடத்தில் மனப்பாடம் செய்வதைவிடப் பூசணிக்கொடியில் பார்ப்பது நல்லது. காலையில் விரிந்த பூக்களில் சிலவற்றின் கீழே வெறும் காம்புதான் இருக்கும். அவை ஆண் பூ; நடுவில் மஞ்சள் தூள் ஒட்டும். அந்தத் தூள் மகரந்தம். சில பூக்களின் கீழே மட்டும் கோலிக்குண்டு அளவில் ஒரு குட்டிப் பூசணி இருக்கும். அவை பெண் பூ. அந்தக் குட்டிப் பூசணிதான் சூலகம், அதனுள்ளே விதையாகப் போகும் சூல்கள். மகரந்தம் பெண் பூவின் நடுவில் இருக்கும் சூல்முடிக்கு வந்து சேர்வது மகரந்தச்சேர்க்கை. தேனீ வராத மாடியில் பிஞ்சு வெம்பி விழுந்தால், காலையிலேயே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நாமே தடவிவிட வேண்டியதுதான்.

ஒட்டியதும் வேலை முடிந்துவிடாது. மகரந்தத்திலிருந்து ஒரு நுண்குழாய் முளைத்து சூலை நோக்கிப் போக வேண்டும். மக்காச்சோளக் கதிரில் தொங்கும் நார் ஒவ்வொன்றும் ஒரு மணிக்கு உரியது. அந்த நாரின் முழு நீளத்தையும் குழாய் கடந்து வந்தால்தான் அந்த மணி உண்டாகும். வாங்கிய கதிரில் ஆங்காங்கே பல் போனதுபோல் இடைவெளி இருந்தால், அந்த இடத்து நாருக்கு மகரந்தம் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். குழாய் கொண்டுவருவது இரண்டு ஆண் செல்கள். ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. இன்னொன்று பக்கத்துச் செல்லோடு சேர்ந்து கருவூண் ஆகிறது, கருவுக்கான கட்டுச்சோறு. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் ரஷ்யாவின் நவாஷின் கண்டார். நாம் தின்னும் அரிசியில் பெரும்பங்கு கருவூண். இளநீரும் தேங்காய்ப் பருப்பும் கருவூண்தான்.

பூசணி, தென்னைபோல ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் இருந்தால் ஓரில்லத் தாவரம். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, அது ஈரில்லத் தாவரம். எது எது என்று பாளை விடும்வரை தெரியாது. அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

கருவுற்ற சூல் விதையாகிறது, சூலகம் காயாகிறது. விதைக்குள் இருப்பது ஒரு முழுச் செடியின் சுருக்கம்: வேர் நுனி ஒன்று, தண்டு நுனி ஒன்று, விதையிலை. ஊறவைத்த நிலக்கடலையைப் பிளந்தால் இரண்டு பருப்புக்கும் நடுவே மூக்குபோல நீட்டிக்கொண்டிருப்பது அந்த நுனிகள், பருப்பு இரண்டும் விதையிலைகள். முற்றிய தேங்காயை உடைக்கும்போது உள்ளே பஞ்சுப் பந்துபோல இருந்து, இப்போது சாலையோரம் தனியாகவே விற்கும் தேங்காய்ப்பூ உண்மையில் பூ இல்லை. கருவூணை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்பும் விதையிலை. தேங்காய் முளைக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

விதைக்கும் உறக்கம் உண்டு. கொடி ரக நிலக்கடலை அறுவடைக்குப் பிறகு சில வாரம் முளைக்காது. கொத்து ரகத்துக்கு அந்த உறக்கம் இல்லாததால், அறுவடை தள்ளிப்போய் மழையும் பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். விவசாயிக்கு அது நஷ்டம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் சுரபுன்னைக்கோ அதுவே பிழைக்கும் வழி. உப்புச்சேற்றில் விதை விழுந்தால் முளைப்பது கடினம். ஆகவே காய் தாய்மரத்தில் தொங்கும்போதே விதை முளைத்து, முருங்கைக்காய்போல நீண்ட நாற்றாகிவிடும். அப்புறம்தான் கீழே விழும். விழுந்த இடத்தில் குத்தி நிற்கும், அல்லது அலையில் மிதந்து வேறு கரைக்குப் போகும். இதைக் கனிக்குள் விதை முளைத்தல் என்பார்கள்.

உறங்காத விதைக்கு இது எல்லை என்றால், மறு எல்லை இஸ்ரேலின் மசாதாக் கோட்டை இடிபாட்டில் கிடைத்த பேரீச்சங்கொட்டை. வயது ஏறக்குறைய 2000 ஆண்டு. வறண்ட காற்றில் உலர்ந்து கிடந்த கொட்டைகளில் ஒன்றை 2005இல் ஊறவைத்து நட்டார்கள். முளைத்தது. பேரீச்சையும் பனைபோல ஈரில்லத் தாவரம். வந்தது ஆண் மரம் என்பது பாளை விட்ட பிறகுதான் தெரிந்தது. அந்தப் பகுதியில் கிடைத்த வேறு பழங்கொட்டைகளை நட்டதில் ஒரு பெண் மரமும் வந்தது. இந்த ஆண் மரத்தின் மகரந்தத்தைத் தடவியதில் 2020இல் அது பழம் கொடுத்தது.